அரசு மருத்துவமனையில் யாரிடம் கேட்பது? சேலம், ஏற்காடு மக்களுக்கான கேள்வி–பதில்

உறவினரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அல்லாடுபவர்கள் சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. மருத்துவ ஆலோசனை இதில் இல்லை. கிடைக்க வேண்டிய ஒன்று கிடைக்காதபோது அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார், அவரிடம் எப்படிக் கேட்பது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

இலவச சிகிச்சை அரசின் தயவுதானே? அதில் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

தயவு என்று நினைத்துக்கொண்டு வாசலில் கைகட்டி நிற்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. 1992இல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கொல்கத்தாவில் ஒவ்வொரு அரசு மருத்துவமனையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். படுக்கை இல்லை, வசதி இல்லை என்றே எல்லா இடத்திலும் பதில் வந்தது. கடைசியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டித்தான் பிழைத்தார். அவருடைய தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் (பச்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி எதிர் மேற்கு வங்க அரசு) 1996இல் தீர்ப்பு வந்தது. அவசர சிகிச்சை தேவைப்படும் ஒருவருக்கு அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராவிட்டால், அது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றது நீதிமன்றம். நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகுதான் என்பது அதற்கும் முன்பே, 1989இல், பர்மானந்த் கட்டாரா வழக்கில் முடிவான விஷயம்.

எனவே கேட்கலாம். வரி கட்டுகிறவராக இருந்தால்தான் கேட்கலாம் என்பதும் கிடையாது.

சேலத்தில் எந்த மருத்துவமனைக்கு யார் பொறுப்பு?

பாதி மனுக்கள் தோற்பது இந்த இடத்தில்தான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ‘கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி’. உள்ளே தனித்தனி இயக்குநரகங்கள், தனித்தனி கோப்புகள். ஒன்றின் அதிகாரிக்கு இன்னொன்றின் ஊழியரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் கிடையாது. தவறான மேசைக்குப் போன மனுவுக்கு ‘எங்கள் அலுவலகம் சம்பந்தப்பட்டதல்ல’ என்று ஒரு வரி பதில் வரும், அதுவும் வந்தால்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. கல்லூரி 1986இல் தொடங்கியது. மத்திய அரசின் பிரதமர் சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தில் உயர்சிறப்பு சிகிச்சைப் பிரிவும் இங்கே கட்டப்பட்டது. இதன் தலைவர் டீன். அன்றாட நிர்வாகத்துக்கு நிலைய மருத்துவ அலுவலர், அதாவது எல்லோரும் ஆர்.எம்.ஓ. என்று சொல்கிறவர். நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கே வந்து சேர்கிறார்கள். கூட்டத்தைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேட்டூர் அணை மாவட்டத் தலைமை மருத்துவமனையும், ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, ஏற்காடு போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளும் வேறு பிரிவு. அவற்றுக்கு மாவட்ட அளவில் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். பேச்சு வழக்கில் ஜே.டி.

ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், தடுப்பூசி எல்லாம் பொது சுகாதாரத் துறை. மாவட்டத்தில் அதற்கு மாவட்ட சுகாதார அலுவலர். பழைய பெயர் துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள். பலர் இன்னும் அப்படியே சொல்கிறார்கள். வட்டார அளவில் வட்டார மருத்துவ அலுவலர் இருக்கிறார். சேலம் நகருக்குள் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாநகராட்சியின் மாநகர் நல அலுவலரிடம் போக வேண்டும்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனை, தொழிலாளர் நலத்துறையோடு சேர்ந்தது. 108 ஆம்புலன்சை அரசுக்காக ஒப்பந்த அடிப்படையில் ஒரு தனியார் நிறுவனம் இயக்குகிறது. இருந்தாலும் அந்தச் சேவைக்குக் கடைசியில் பொறுப்பு அரசுதான்.

எங்கே அனுப்புவது என்று நிச்சயமில்லாவிட்டால், மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதி, நகலை மேலே சொன்ன அதிகாரிக்கு அனுப்புங்கள்.

நோயாளி வார்டில் இருக்கும்போதே பிரச்சினை. மனு எழுதிக்கொண்டிருக்க நேரம் ஏது?

அப்போது ஏணிப்படி போல மேலே போக வேண்டும்: பணியிலிருக்கும் மருத்துவர், அந்தப் பிரிவின் தலைவர், ஆர்.எம்.ஓ., டீன். இரவிலும் பணி மருத்துவ அலுவலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை மட்டுமின்றிப் புகாரும் சொல்லலாம். அழைத்த நேரத்தையும் கொடுக்கும் பதிவு எண்ணையும் குறித்து வையுங்கள்.

செவிலியரிடம் கத்துவதில் ஒரு பயனும் இல்லை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருவராகப் பார்க்கும் பெண்ணிடம்தான் பெரும்பாலும் நம் கோபம் போய் விழுகிறது. அந்த இன்னொரு பணியிடத்தை நிரப்பாமல் வைத்திருப்பவர் வார்டுப் பக்கமே வருவதில்லை. தவிரவும், மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி பத்து ஆண்டு வரை சிறை உண்டு. உரிமையாக ஜாமீன் கேட்க முடியாத குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கு அந்த நொடியில் கைமாறிவிடும்.

மலையில் சேர்த்தால் உடனே ‘சேலம் கொண்டு போங்கள்’ என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

மேல்சிகிச்சைக்கு அனுப்புவது தவறில்லை. அங்கே அறுவை சிகிச்சை அரங்கோ மயக்க மருத்துவரோ இல்லாதபோது வைத்துக்கொண்டிருப்பதுதான் தவறு. ஆனால் எப்படி அனுப்புகிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மரமோ பாறையோ விழுந்தால் கொட்டச்சேடு, குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். இந்தப் பயணத்தைத் தாங்கும் நிலைக்கு நோயாளியைக் கொண்டுவந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது, மூச்சுக்கு வழி செய்வது, சலைன் போடுவது இவையெல்லாம் அனுப்பும் மருத்துவமனையின் வேலை. வண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

‘ரெஃபர்’ செய்யும் சீட்டைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். என்ன நோய், என்ன சிகிச்சை கொடுக்கப்பட்டது, எதற்காக அனுப்பப்படுகிறது, எத்தனை மணிக்கு, எந்த மருத்துவர் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். கீழே போனதும் சிகிச்சை முதலிலிருந்து தொடங்காமல் இருக்க அது உதவும். பிறகு கேள்வி எழுந்தால் அதுவே முதல் சாட்சி. 108ஐ அழைத்தால் அழைத்த நேரமும் வண்டி வந்த நேரமும் அவர்கள் பதிவில் இருக்கும். உங்கள் செல்போனிலும் இருக்கும், அழித்துவிடாதீர்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வண்டி போகாத மலைக் கிராமத்துப் பெண்கள் பிரசவ தேதிக்குச் சில நாட்கள் முன்பே வந்து தங்குவதற்காக, மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் காத்திருப்பு அறைகள் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் ஏழாம் மாதத்திலேயே கேட்டுவையுங்கள்.

எங்கள் மலைக்கு இத்தனை மருத்துவமனைதான் என்று யார் முடிவு செய்தது?

நாடு முழுவதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கே ஒன்று. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். மக்கள்தொகை மட்டும் போதாது, தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வரைபடத்தில் நான்கு கிலோமீட்டர் என்பது மலையில் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுவதாக இருக்கலாம்.

‘மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால்?

எந்த மருந்து என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். துண்டுக் காகிதம் போதாது; மருத்துவமனையின் சீட்டில் தேதியோடு இருக்க வேண்டும். எழுதக் கேட்டவுடன் மருந்து கிடைத்துவிடுவதும் உண்டு, அது வேறு கதை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கப்பட்டது. மாவட்டங்களில் கிடங்கு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ‘பாஸ்புக்’ கொடுத்து, அதில் உள்ள தொகைக்கு மருந்து எடுக்க வைக்கும் இந்த முறையைப் பல மாநிலங்கள் வந்து பார்த்துப் போயிருக்கின்றன. ஆகவே ‘மருந்து இல்லை’ என்பதற்குப் பின்னால் மூன்றில் ஒரு காரணம்தான் இருக்க முடியும்: கழகத்திடமே இல்லை, மருத்துவமனை கேட்டு வாங்கவில்லை, அல்லது வந்த மருந்து கொடுக்கப்படவில்லை. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு. எது உண்மை என்று இருப்புப் பதிவேடு சொல்லிவிடும். அதைப் பார்க்கும் வழி கீழே வருகிறது.

காபித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து பற்றி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்துவிட்டது. எங்கே எத்தனை பேருக்குக் கடி என்ற கணக்கு இனி மருத்துவமனைகளிலிருந்து போக வேண்டும். கணக்கு போனால்தான் மருந்தும் வரும்.

ஸ்ட்ரெச்சர் தள்ள, குழந்தையைக் காட்ட என்று காசு கேட்கிறார்கள். கொடுத்துவிட்டுப் போவதா?

நூறு ரூபாய்தானே என்று தோன்றும். அந்த நூறைக் கொடுக்க முடியாதவரின் ஸ்ட்ரெச்சர் வராந்தாவில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். லஞ்ச ஒழிப்புத் துறையின் இலவச எண் 1064. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் வேறு வழியில்லாமல் கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் அவர் குற்றவாளி ஆகமாட்டார். அந்த ஏழு நாள் கெடுவைப் பலர் தவறவிடுகிறார்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தும் பணம் கட்டச் சொன்னால்?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு இந்தத் திட்டம் பொருந்தும். தனியார் மருத்துவமனை திட்டத்தின் கீழ் அனுமதித்துவிட்டு அதே சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் வாங்கக்கூடாது. கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற எண்ணில் சொல்லுங்கள். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சாலை விபத்து என்றால் அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே செலவு செய்கிறது.

மருந்தும் ஊசியும் தவிர நோயாளிக்கு வேறு என்ன உதவி உண்டு?

காசநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2018இல் 500 ஆகத் தொடங்கி 2024 நவம்பரில் இரட்டிப்பானது. கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி. அரசு மருத்துவமனையில் பிரசவித்தவரைக் குழந்தையோடு வீட்டில் கொண்டுபோய் விட 102 வண்டி, காசு கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை தருகிறது. உங்கள் தெருவுக்கு வரும் பணியாளர் யார் என்று தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சிகிச்சை ஆவணங்களைத் தர மறுக்கிறார்கள்.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் அந்த 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். நோயாளி பெயர், புறநோயாளி அல்லது உள்நோயாளி எண், தேதி, நேரம், வார்டு, என்ன நடந்தது, என்ன வேண்டும். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்றால் எதுவும் எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். ‘வசூலித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும்’, ‘இரவுப் பணிக்கு மருத்துவர் நியமிக்க வேண்டும்’ என்று எழுதுங்கள்.

திங்கள்கிழமைகளில் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுக்கலாம். ஒப்புகை ரசீதில் மனு எண் இருக்கும். மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலி போகும் என்றால் 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குச் சொல்லலாம், அல்லது பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பலாம்.

மனுவுக்குப் பதிலே வரவில்லை. அடுத்து?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மனு கெஞ்சுகிறது, இந்த விண்ணப்பத்துக்குப் பதில் தராவிட்டால் அபராதம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம்.

‘ஏன் டாக்டர் வருவதில்லை?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குக் கோப்பில் பதில் இருக்காது, ‘தகவல் இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். கோப்பில் இருப்பதைக் கேளுங்கள். இன்ன ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, காலியானவை எந்தத் தேதியிலிருந்து காலி. இன்ன மாத வருகைப் பதிவேட்டின் நகல். இன்ன தேதியில் இன்ன மருந்தின் இருப்பு. நான் இன்ன தேதியில் கொடுத்த மனுவின் மீது ஒவ்வொரு நாளும் எடுத்த நடவடிக்கை, அது இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது. கடைசிக் கேள்வி ஒன்றே பல மனுக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறது. பதிவேட்டை நேரில் போய்ப் பார்வையிடவும் கேட்கலாம்.

30 நாட்களில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். அந்த அவசரத்தை விண்ணப்பத்திலேயே விளக்க வேண்டும். வராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. ஆணையத்தில் தாமதம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அரசுப் பணத்திலிருந்து அல்ல, அவர் கையிலிருந்து.

இன்னொரு நோயாளியின் விவரத்தைக் கேட்டால் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

புகார் கொடுத்தால் அடுத்த முறை சிகிச்சையில் காட்டிவிடுவார்களோ?

இந்தப் பயத்தைச் சட்டப் பிரிவு சொல்லிப் போக்கிவிட முடியாது. டயாலிசிஸுக்கோ கீமோவுக்கோ தொடர்ந்து அதே இடத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு இது நியாயமான பயம். நோயாளியின் பெயரே வராமல் பணியிடம், மருந்து இருப்பு பற்றி வேறொருவர் தகவல் கேட்கலாம். சட்டப்படி எந்தக் குடிமகனும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு வழி, ஊராகச் சேர்ந்து கேட்பது.

ஊராகச் சேர்ந்து எங்கே கேட்பது?

கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடப்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலை வாங்கி, அதை இணைத்து மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்புங்கள். கிராம சுகாதாரம், குடிநீர் மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று உங்கள் ஊராட்சியிலும் இருக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வருகிறது. எதற்குச் செலவானது என்று சபையில் கேட்கலாம். பல ஊர்களில் உறுப்பினர்களுக்கே தாங்கள் உறுப்பினர் என்று தெரியாது.

தவறான சிகிச்சையால் இழப்பு. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகத் தரும் இடம் வரும். காப்பீடு பணம் கட்டிய தனியார் சிகிச்சையும் வரும். அங்கெல்லாம் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

அரசு மருத்துவமனை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (சேலத்துக்கு மதுரைக் கிளை அல்ல, சென்னைதான்) அல்லது உரிமையியல் வழக்கு. அரசு மருத்துவரின் அலட்சியத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 2000இல் ஹரியானா அரசு எதிர் சாந்த்ரா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. செலவு இல்லாத வழி மாநில மனித உரிமை ஆணையம்: கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் எழுத வேண்டும். ஆணையம் பரிந்துரைப்பது இழப்பீடு; மருத்துவம் சரியா தவறா என்ற நுணுக்கத்துக்குள் அது அதிகம் போவதில்லை. சிகிச்சையே மறுக்கப்பட்ட, அவமதிக்கப்பட்ட புகார்களுக்கு அது பொருத்தமான இடம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. எழுதித் தரவும் ஆள் இல்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது, தொலைபேசியில் 15100. மனு, தகவல் உரிமை விண்ணப்பம், வழக்கு எல்லாம் தமிழிலேயே எழுதச் சொல்லிக் கேட்கலாம். போகும்போது ரெஃபர் சீட்டு, மருந்துச் சீட்டு, மனு ரசீது எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.